ஆங்கில மரபுத் தொடர்கள்

ஆங்கிலம் பயிலும் மாணவ மாணவியரோடு அம்மொழியின் மரபுத் தொடர்களைப் பற்றி இன்று சிறிது நேரம் பேச எண்ணுகின்றேன். ஒரு விடுப்பு விண்ணப்பத்தின் கதையிலிருந்து தொடங்குகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் ஆங்கில ஆசிரியனாக இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகையின் இடப்பக்கத்தில் பத்து ஆங்கிலத் தொடர்களை எழுதுவேன். வலப்பக்கத்தில் அவற்றின் பொருளை எழுதுவேன். மாணவர்கள் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்த் திங்கட்கிழமை ஒப்பிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை 'கிக் தி பக்கெட்' என்னும் தொடரை எழுதி, அதற்கு நேரே 'இறத்தல்' என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வாளியை உதைத்தல்' என்று பொருள்படும் தொடர் சாவைக் குறிப்பதைக் கண்டு மாணவர்கள் வியந்தனர். வியந்து கற்றது எளிதில் மறவாது. அத்தொடர் அவர்கள் நெஞ்சில் நன்றாகப் பதிந்துவிட்டது.

இரண்டு திங்கள் கழிந்தபின், வகுப்பில் கருத்தோடு படிக்கும் மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. தந்தையை இளமையிலேயே இழந்த அவனைப் பாட்டனாரே வளர்த்து வந்தார். அப்பாட்டனார் முதல் நாள் இரவு காலமாகிவிட்டார். அச்செய்தியை அவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். எழுத்துப் பிழை இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால், தன் பாட்டனார் 'வாளியை உதைத்துவிட்டார்' என்று எழுதியிருந்தான். நான் அதனை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோதுதான், அவ்விண்ணப்பத்தைக் கொண்டு வந்த அவனுடைய தம்பி வாயிற்படியில் நின்றுகொண்டிருப்பதைக் கண்டேன்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மாணவன் செய்த பிழைதான் யாது? தான் கற்ற தொடர்களுள் சிறந்தது எது என்று தேர்ந்து, தன் துயரத்தைச் சொல்ல அதனைப் பயன்படுத்தினான். நான் எழுதிப்போட்ட பொருளும் பொய்யன்று. 1785ஆம் ஆண்டில் கிரோஸ் என்பவர் தொகுத்து வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலும் அத்தொடருக்கு இறத்தல் என்றே பொருள் காணப்படுகின்றது. ஆனால் அந்த அகராதியின் பெயரிலேயே உள்ள செய்தியை நான் வகுப்பில் சொல்லவில்லை. அது கொச்சை வழக்கு. வேடிக்கைப் பேச்சில் வருவது. தமிழில் அதற்கு நேரான தொடர் 'மண்டையைப் போட்டார்' என்பதாகும். தன்னை வளர்த்த பாட்டனாரைப் பற்றி எந்தத் தமிழ்ச் சிறுவனாவது அவ்வாறு எழுதுவானா? பொருளைக் கற்பித்த நான் வழக்கைக் கற்பிக்கவில்லை. பிழை என்னுடையது.

மரபுத் தொடர் என்பது யாது? தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தாலும் கிடைக்காத ஒரு பொருளை, அச்சொற்கள் சேர்ந்து நின்று தருமாயின், அது மரபுத் தொடர் எனப்படும். 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்கிறோம். அவன் கையில் கம்பியும் இல்லை. அதனை அவன் நீட்டவும் இல்லை. 'நண்பன் என்னைக் கைகழுவி விட்டான்' என்கிறோம். அங்கே நீரும் இல்லை. தமிழ் நமக்குத் தாய்மொழி ஆதலால் இவற்றில் உள்ள புதுமை நமக்குப் புலப்படுவதில்லை. தமிழ் கற்கும் ஓர் ஆங்கிலேயர் 'கம்பி', 'நீட்டு' என்னும் இரு சொற்களையும் அகராதியில் பார்த்துவிட்டு எவ்வளவு திகைப்பார்! அவர் அடையும் அதே திகைப்பைத்தான் ஆங்கிலத் தொடர்களைக் காணும்போது நாம் அடைகின்றோம்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இச்செய்தியை நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். ஒரு பொருளை அறிந்தோர் எவ்வாறு வழங்கினரோ அவ்வாறே வழங்குவது மரபு என்பது நன்னூலாரின் கொள்கை. இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என வழக்கை இரண்டாகப் பகுத்த அவர், தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று வகைகளைக் கூறினார். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கலம். ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' என்பதும் அத்தகையதே. 'கடந்து சென்றார்' என்பது அதன் நேர்ப்பொருள். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் குழூஉக்குறி. ஆங்கில மரபுத் தொடர்கள் பல, ஒரு காலத்தில் மாலுமிகளின் குழூஉக்குறியாகவும் ஆட்டக்காரர்களின் குழூஉக்குறியாகவும் இருந்து, பின்னர் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியவை ஆயின.

இங்கிலாந்து கடல் சூழ்ந்த நாடு. பாய்மரக் கப்பல்களில் உலகைச் சுற்றிய மக்களின் மொழியில் உப்புக் காற்று வீசுவது இயல்பே. 'பை அண்ட் லார்ஜ்' என்னும் தொடரைப் பாருங்கள். இக்காலத்தில் அதற்குப் 'பொதுவாகப் பார்க்குமிடத்து' என்று பொருள். கப்பலோட்டிகளிடையே, காற்றை ஏறக்குறைய எதிர்த்துச் செல்வது 'பை' எனவும், காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு செல்வது 'லார்ஜ்' எனவும் வழங்கின. இருவகைக் காற்றிலும் நன்றாக ஓடும் கப்பலே நல்ல கப்பல். எவ்வகைக் காற்றுக்கும் பொருந்துவது என்னும் கருத்திலிருந்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்னும் கருத்து விளைந்தது.

'டேக்கன் அபேக்' என்பது எதிர்பாராத செய்தியால் திடுக்கிடுவதைக் குறிக்கும். காற்று திடீரெனத் திசைமாறி முன்னிருந்து வீசினால், பாய்கள் பாய்மரத்தின்மேல் பின்னோக்கி அழுந்தும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் தடைப்பட்டு நிற்கும். திடுக்கிட்டு நிற்கும் மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டோ? 'லேர்ன் தி ரோப்ஸ்' என்றால் ஒரு தொழிலின் நுணுக்கங்களைக் கற்றல். கப்பலில் புதிதாகச் சேர்ந்தவன் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று முதலில் அறிய வேண்டும். 'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்' என்பது குடிபோதையில் தள்ளாடுபவனைக் குறிக்கும். இங்கே 'ஷீட்' என்பதை விரிப்பு என்றோ பாய் என்றோ கொள்ளலாகாது. கப்பல் வழக்கில் அது பாயின் முனையை இழுத்துக் கட்டும் கயிறு. மூன்று கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் கப்பல் தள்ளாடத்தானே செய்யும்!

சில தொடர்கள் மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதை நம் மாணவர்கள் பெரும்பாலும் தவறாகவே வழங்குகின்றனர். இரண்டு கடினமான வழிகளுள் ஒன்றைத் தேர்வது என்று அவர்கள் கருதுகின்றனர். அன்று, தேர்வது போன்ற தோற்றம் இருந்தும் உண்மையில் தேர்வே இல்லாத நிலைதான் அது. 1631ஆம் ஆண்டில் காலமான தாமஸ் ஹாப்சன் என்பவர் கேம்பிரிட்ஜ் நகரில் குதிரைகளை வாடகைக்கு விட்டு வந்தார். பல்கலைக்கழக மாணவர்கள் எப்போதும் நல்ல குதிரைகளையே கேட்டதால், அவை மட்டும் ஓடி ஓடி மெலிந்தன. எனவே, இலாயத்தின் வாயிலுக்கு அருகில் எந்தக் குதிரை நிற்கின்றதோ அதனையே எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் நடந்தே போகலாம் என்று அவர் விதி செய்தார். திரும்பி வந்த குதிரை வரிசையின் கடைசியில் நின்று இளைப்பாறும். அவர் மறைந்தபின் ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, 1712ஆம் ஆண்டில், 'ஸ்பெக்டேட்டர்' என்னும் இதழில் ஸ்டீல் இவ்வரலாற்றை எழுதினார். குதிரையின் மேல் கொண்ட இரக்கம் ஒரு மரபுத் தொடரைப் பெற்றெடுத்தது.

ஊர்ப்பெயர் தாங்கி நிற்பனவும் உண்டு. நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது என்பது அவற்றுள் ஒன்று. டைன் ஆற்றங்கரையில் உள்ள அந்நகரத்திலிருந்துதான் இலண்டன் மாநகரின் அடுப்புகளுக்கு நிலக்கரி கப்பலேறி வந்தது. நிலக்கரியே விளையும் ஊருக்கு நிலக்கரி கொண்டு செல்வது வீண் வேலை அன்றோ? 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்று நாம் சொல்வதும் இதுவே. 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்று கேட்பதும் இதுவே. இங்கு ஓர் உண்மையை நீங்கள் கருத வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தின் ஆழ்சுரங்கங்களுள் கடைசியாக எஞ்சியிருந்த எல்லிங்டன் சுரங்கம் 2005ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சுரங்கங்கள் போயின, தொடர் மட்டும் இருக்கின்றது. மரபுத் தொடர் தன்னைப் பெற்ற உலகம் மறைந்த பின்னும் வாழும் இயல்புடையது.

கிரிக்கெட் ஆட்டம் தந்த தொடர்களிலும் இதனைக் காணலாம். மழையில் நனைந்த ஆடுகளம் வெயிலில் காயும்போது பந்து எவ்வாறு எழும் என்று சொல்ல இயலாது. மட்டைக்காரர் பாடு திண்டாட்டம். அதனால் இக்கட்டான நிலையில் சிக்கியவனை 'ஸ்டிக்கி விக்கெட்'டில் இருக்கிறான் என்பர். இக்காலத்தில் பெரிய ஆட்டங்களில் மழை வந்ததும் ஆடுகளத்தை மூடிவிடுகின்றனர். அத்தகைய ஆடுகளத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது. தொடரோ நிலைத்துவிட்டது. பிறர் தூண்டுதல் இன்றித் தானாகவே ஒரு செயலைச் செய்தவனை 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' செய்தான் என்பர். தன் மட்டையால் தானே எடுத்த ஓட்டம் என்பது அதன் முதற்பொருள். கிரிக்கெட்டை நன்கு அறிந்த நம் இளைஞர்களுக்கு இத்தொடர்களை விளக்கவும் வேண்டுமோ?

தோற்றக் கதைகள் சுவையானவை. ஆனால், சுவையான கதைகள் அனைத்தும் உண்மையானவை அல்ல என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடப்பதை ஆங்கிலத்தில் 'அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்' என்பர். இலண்டன் மாநகரில் தையற்காரர் சங்கமும் தோல் வணிகர் சங்கமும், வரிசையில் ஆறாம் இடம் யாருக்கு, ஏழாம் இடம் யாருக்கு என்று பூசலிட்டன. 1484ஆம் ஆண்டில் நகரத் தலைவர் இரு சங்கத்தாரையும் அழைத்து, ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தார். இஃது உண்மையான வரலாறு. இதிலிருந்தே அத்தொடர் பிறந்தது என்று பலர் சொல்வர். ஆயினும், அத்தீர்ப்புக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாசர் என்னும் புலவரே அத்தொடரின் பழைய வடிவத்தைக் கையாண்டுள்ளார். பாட்டனுக்குப் பேரன் பெயர் சூட்டியதாகச் சொல்வது போன்றதன்றோ இது! சூதாட்டக் காய்களிலிருந்து அத்தொடர் தோன்றியிருத்தல் கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

நம் மாணவர்கள் மழையைப் பற்றிக் கட்டுரை எழுதினால், அதில் நாயும் பூனையும் பொழியாமல் இருப்பதில்லை. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்குப் பெருமழை பெய்தல் என்று பொருள். கூரைமேல் படுத்திருந்த விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை வழங்குகின்றது. அதற்குச் சான்று எதுவும் இல்லை. இத்தொடரை ஸ்விஃப்ட் 1738ஆம் ஆண்டில் வெளியான ஒரு நூலில் கையாண்டார். உயர்குடி மக்கள் பேசிப் பேசித் தேய்த்த தொடர்களையெல்லாம் திரட்டி எள்ளி நகையாடுவதே அந்நூலின் நோக்கம். 1738ஆம் ஆண்டிலேயே தேய்ந்துபோன தொடரை நாம் புதிய அணிகலனாக எண்ணிக் கட்டுரைக்குச் சூட்டுகின்றோம். ஆங்கிலேயர் இன்று அன்றாடப் பேச்சில் இதனை அருகியே வழங்குகின்றனர். மழை கொட்டுகின்றது என்னும் பொருளில் 'இட் ஈஸ் போரிங்' என்று எளிமையாகச் சொல்வதே அவர்கள் வழக்கம்.

இனி, இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். சில இடங்களில் கருத்து ஒன்றாகவும் பொருள்கள் வேறாகவும் இருக்கும். ஆங்கிலேயர் ஒரு கல்லால் இரண்டு பறவைகளை வீழ்த்துவர். நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம். எப்போதோ ஒருமுறை நிகழ்வதை அவர்கள் 'நீல நிலவு' என்பர். நாம் 'அத்தி பூத்தாற்போல' என்போம். அவர்கள் பேய்க்கும் ஆழ்கடலுக்கும் இடையே அகப்பட்டுத் திகைப்பர். நாம் இருதலைக் கொள்ளி எறும்பாகத் திகைப்போம். திருடனை அவர்கள் 'சிவந்த கையோடு' பிடிப்பர். கையில் படிந்த குருதியே அச்சிவப்பு. நாமோ கையும் களவுமாகப் பிடிப்போம்.

வேறு சில இடங்களில் வானிலையே மொழியை வகுத்துள்ளது. இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே வெம்மை இன்பம் தருவது. ஆதலால் அன்பான வரவேற்பை அவர்கள் 'வார்ம் வெல்கம்' என்பர். ஒருவனைப் புறக்கணிப்பதைக் 'கோல்ட் ஷோல்டர்' என்பர். நம் நாட்டில் நிழலும் நீருமே இன்பம். எனவே நாம் கண் குளிரக் காண்கிறோம். மனம் குளிர வாழ்த்துகிறோம். பிறர் வாழ்வைக் கண்டு பொறாதவன் வயிறு எரிகிறான். அவர்கள் தொடரை அப்படியே பெயர்த்து, 'அமைச்சருக்குச் சூடான வரவேற்பு அளிக்கப்பட்டது' என்று எழுதினால், அமைச்சர் என்ன துன்பம் அடைந்தாரோ என்று படிப்பவர் அஞ்சுவர். இதனை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளலாகாது. பதறாத அறிவை அவர்களும் 'கூல் ஹெட்' என்றே பாராட்டுகின்றனர்.

மிகவும் எச்சரிக்கை வேண்டுவது, தோற்றம் ஒன்றாக இருந்து பொருள் வேறாக உள்ள தொடர்களிடத்தில்தான். 'புல்லிங் யுவர் லெக்' என்று ஆங்கிலேயர் சொன்னால், உம்மை வேடிக்கைக்காக ஏய்த்தேன் என்பது பொருள். அதில் பகை இல்லை. தமிழில் 'காலை வாரிவிட்டான்' என்றால், நம்பியவனுக்குத் துரோகம் செய்தான் என்பது பொருள். காலை இழுப்பது இரண்டிலும் உண்டு. ஒன்று விளையாட்டு, மற்றொன்று வஞ்சனை. கழுத்தை நீட்டுவதும் இவ்வாறே. ஆங்கிலத்தில் ஒருவர் கழுத்தை நீட்டினால், துணிந்து தமக்கே இடரை வருவித்துக் கொண்டார் என்று பொருள். தமிழில் ஒரு பெண் கழுத்தை நீட்டினாள் என்றால், தாலி கட்டிக்கொண்டாள் என்று பொருள். இவ்விரண்டும் ஒன்றே என்று சிலர் வேடிக்கையாகக் கூறக்கூடும். தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதிவிடாதீர்கள்!

ஆங்கிலத் தொடர்கள் சில நம் மொழிக்கே வந்து குடியேறிவிட்டன. அலுவலகத் தாமதத்தைச் 'சிவப்பு நாடா' என்கிறோம். இங்கிலாந்தில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் தாள்கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டிய பழக்கத்திலிருந்து பிறந்தது அது. 19ஆம் நூற்றாண்டில் கார்லைல், டிக்கன்ஸ் முதலிய எழுத்தாளர்கள் அதனை எள்ளற் சொல்லாகக் கையாண்டனர். பயனின்றிச் செலவு வைக்கும் உடைமையை 'வெள்ளை யானை' என்கிறோம். சயாம் நாட்டு மன்னர், தமக்குப் பிடிக்காத அவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசாக அளித்து, அதனைக் கட்டித் தீனி போட்டே அவர் ஏழையாகும்படி செய்தார் என்று ஐரோப்பியர் சொல்லி வந்த கதை அதற்கு அடிப்படை. 'முதலைக் கண்ணீர்' என்பதும் அவ்வாறு வழங்குவதே. முதலை தன் இரைக்காக அழுதுகொண்டே அதனை உண்ணும் என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினர். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஆய்வாளர் இருவர் முதலையினத்தைச் சேர்ந்த உயிர்கள் இரை உண்ணும்போது கூர்ந்து நோக்கி, அவற்றுள் சிலவற்றின் கண்களில் நீர் கசிவதைக் கண்டனர். கண்ணீர் உண்மை, துயரம்தான் பொய். நம்மிடம் பழையனூர் நீலியின் கதையிலிருந்து பிறந்த 'நீலிக் கண்ணீர்' முன்பே இருந்தது. வந்த விருந்தினரை ஏற்போம். அதற்காக வீட்டிலுள்ளவரை மறந்துவிடலாகாது.

இனி, வழக்கில் கருத வேண்டிய செய்திகள் சிலவற்றைக் கூறுகின்றேன். முதலாவது, மரபுத் தொடரில் சொல்லை மாற்றலாகாது. வாளிக்கு ஆங்கிலத்தில் 'பெயில்' என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் 'பெயிலை' உதைத்தால் யாரும் இறந்துவிடுவதில்லை. சொற்களின் வரிசையையும் மாற்றலாகாது. 'பார்ட் அண்ட் பார்சல்', 'ஸேஃப் அண்ட் சவுண்ட்' என்பனவற்றைத் திருப்பிச் சொல்வாரில்லை. நாம் 'அக்கம் பக்கம்' என்கிறோமே அன்றிப் 'பக்கம் அக்கம்' என்கிறோமோ?

இரண்டாவது, நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடும். சிறிய காரியத்திற்குப் பெரிய ஆரவாரம் எழுந்தால், ஆங்கிலேயர் அதனைத் தேநீர்க் கிண்ணத்தில் எழுந்த புயல் என்பர். அமெரிக்கரோ அப்புயலைத் தேநீர்க் கெண்டியில் எழுப்புவர். கண்ணேறு படாதிருக்க ஆங்கிலேயர் மரத்தைத் தொடுவர். அமெரிக்கர் மரத்தைத் தட்டுவர். இரண்டும் சரியே. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதாமல் இருப்பது நன்று.

மூன்றாவது, இதுவே மிகவும் இன்றியமையாதது: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்று அறிய வேண்டும். ஒரே செய்திக்கு 'துஞ்சினார்', 'இறந்தார்', 'மண்டையைப் போட்டார்' என்று தமிழில் மூன்று சொற்கள் உண்டு. நம் தாய்மொழியில் இவற்றைத் தவறான இடத்தில் நாம் வைப்பதில்லை. காரணம், சொல்லோடு சேர்த்து அதனைச் சொன்னவரின் முகத்தையும் குரலையும் நாம் கற்றிருக்கிறோம். ஆங்கிலத்தைக் கரும்பலகையிலிருந்து கற்பதால், சொல் மட்டும் வந்து சேர்கின்றது, முகம் வருவதில்லை. அதனை நாமே தேடிப் பெற வேண்டும்.

மாணவர்கள் மற்றோர் உண்மையையும் அறிய வேண்டும். பூனையும் வாளியும் வரும் வண்ணத் தொடர்கள் ஆங்கிலப் பேச்சின் உயிர் அல்ல. அவை ஊறுகாய் போன்றவை. சோறு போன்றவை சின்னஞ்சிறு வினைத் தொடர்களே. 'புட்' என்னும் ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'புட் ஆன்' என்றால் அணிதல். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைத்தல். 'புட் அவுட்' என்றால் விளக்கையோ நெருப்பையோ அணைத்தல். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். தமிழில் 'எடு' என்னும் வினை 'எடுத்துக் காட்டினான்', 'எடுத்தெறிந்து பேசினான்', 'அவன் பேச்சு எடுபடவில்லை' என்று பலவாறு விரிவதைப் போன்றதே இது. ஆங்கிலேயர் ஒருவரோடு கால் மணி நேரம் பேசினால், நாயும் பூனையும் ஒருமுறைகூட வாராமல் போகலாம். இத்தகைய வினைத் தொடர்களோ பல முறை வரும். ஆகவே, கற்கத் தொடங்குபவர் இவற்றையே முதலில் கற்க வேண்டும்.

கற்கும் முறை யாது? தொடர்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, படிக்கும் நூலில் ஒரு தொடர் வரும்போது அது நிற்கும் பத்தி முழுவதையும் நோக்குவது சிறந்தது. பேசுபவன் சினத்தில் இருக்கிறானா, நகைக்கிறானா என்று பாருங்கள். பின்னர் நல்ல அகராதியை எடுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் தம் நண்பர் இருவரோடு சேர்ந்து, அயல்மொழியாளருக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். 1942ஆம் ஆண்டில் டோக்கியோவில் அச்சான அதனை 1948ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தார் வெளியிட்டனர். அதன் வழிவந்த பதிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அத்தகைய அகராதிகளில் தொடரின் பொருளோடு, அது பேச்சு வழக்கா, கொச்சையா, பழமையானதா என்னும் குறிப்பும், எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். பொருளைப் பார்த்தவுடன் அகராதியை மூடிவிடாமல், அக்குறிப்பையும் வாக்கியத்தையும் படியுங்கள். ஐயம் நீங்காவிட்டால் எளிய சொல்லையே எழுதுங்கள். எளிய சொல் எவரையும் நாணச் செய்ததில்லை.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் பேச்சை முடிப்பது முறையாகாது. பதினாறு நாள் கழித்து அவன் பள்ளிக்குத் திரும்பினான். மாலையில் அவனைத் தனியே அழைத்தேன். "தம்பி, நீ எழுதியதில் ஒரு தொடர் பொருந்தவில்லை. அது உன் பிழையன்று. அதனை முழுமையாகக் கற்பிக்காதது என் பிழை. அதைப் படித்துச் சிரித்தது அதைவிடப் பெரிய பிழை" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியானால் எவ்வாறு எழுத வேண்டும், ஐயா?" என்று கேட்டான். நான் 'பாஸ்ட் அவே' என்று எழுதிக் காட்டினேன். அவன் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்தவன், "இதற்குத் தமிழில் துஞ்சினார் என்று சொல்லலாமா, ஐயா?" என்று கேட்டான். நன்னூல் வகுப்பில் படித்ததை அவன் மறக்கவில்லை. இரு மொழிகளின் மரபையும் இணைக்கும் பாலத்தை அவனே கட்டிவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் என் கரும்பலகையில் மூன்றாவதாக ஒரு பகுதி இடம் பெற்றது. முதற்பகுதியில் தொடர், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில், யார் யாரிடம் எப்போது சொல்வது என்னும் குறிப்பு. பத்துத் தொடர்கள் எழுதிய இடத்தில் நான்குதான் எழுத முடிந்தது. அந்த நான்கையும் மாணவர்கள் அஞ்சாமல் எடுத்தாண்டனர். நீங்களும் உங்கள் குறிப்பேட்டில் அந்த மூன்றாவது பகுதிக்கு இடம் விட்டு எழுதுங்கள்.